தெம்பேவைத் திருப்பி அனுப்பினோம், சைவக் கோழிக்கு இலை போட்டோம்

பதிவு கொஞ்சம் நீளம். முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி அன்னதானத்துல நடந்தது பத்தி ஒரு வாரமா மனசுல அரிச்சுக்கிட்டே இருக்கு. அன்னைக்கு ஆள் அதிகம் வரும்னு தெரிஞ்சு, "முடிஞ்சவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம் சைவம் செஞ்சு கொண்டு வாங்க"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல நாமதான் கேட்டோம். ஒரு தங்கச்சி கொண்டு வந்துச்சு. பேர் சொல்ல மாட்டேன். பேக்டரியில பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். காலையில ஏழுக்குப் போய் சாயங்காலம் ஏழுக்கு வெளியாகுற பிள்ளை. வீட்டுக்குப் போய், குளிச்சு, சமைச்சு, எட்டரைக்கு கோயில்ல நிக்குது. பாத்திரத்தைத் திறந்தா தெம்பேவும் பயத்தங்காயும் போட்டு பிரட்டினது. கறிவேப்பிலை வாசம் கம்முன்னு வருது. வெங்காயம் பூண்டுகூட இல்ல, கேட்டுட்டுத்தான் மூடியைத் திறந்தேன்.

நம்ம பெரியவர் ஒருத்தர் எட்டிப் பார்த்தாரு. "இது மலாய்க்காரன் சாப்பாடு. ஊசிப்போன சாமான். கோயிலுக்குள்ள இத யாரு கொண்டு வரச் சொன்னா?"ன்னு நாலு பேர் கேக்குற மாதிரி சத்தம் போட்டாரு. அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசல. மூடியைப் போட்டு எடுத்துக்கிட்டு போயிடுச்சு. சாப்பிடவும் இல்ல.

அதே மேசையில, ரெண்டு அடி தள்ளி, என்ன இருந்துச்சு தெரியுமா? சைவக் கோழி பெரட்டல். சைவ மட்டன் வருவல். பாக்கெட்டைப் பிரிச்சு மசாலா போட்டது. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினவங்களும் உண்டு.

பக்கத்துல நின்ன நானும் வாயைத் திறக்கல. முப்பது வருசமா லைன்ல நின்னு ஆள் மேய்க்கிறவன், ஒரு பெரியவர் முன்னாடி வாயடைச்சு நின்னேன். அதுக்காகத்தான் இப்ப எழுதுறேன். பெரியவரைக் குறை சொல்ல இல்ல. அவர் பேசினதுல நம்ம பாதி பேரோட நினைப்பு இருக்கு. அந்த நினைப்போடதான் எனக்குச் சண்டை.

முதல்ல "மலாய்க்காரன் சாப்பாடு" பேச்சு. தெம்பே பிறந்தது ஜாவாவில. அங்கிருந்து வந்து இங்க தோட்டத்துலயும் கம்பத்துலயும் குடியேறின ஜாவாக்காரங்க கொண்டு வந்தது. எங்க அம்மா தோட்டத்து லயத்துல இருந்த காலத்துல, பக்கத்து கம்பத்துல இருந்து ஒரு ஜாவாப் பாட்டி சைக்கிள்ல வரும். வாழையிலையில மடிச்ச பொட்டலம், நாரால கட்டியிருக்கும். அம்மா வெள்ளிக்கிழமைன்னா ரெண்டு பொட்டலம் வாங்கும். மஞ்சத்தூள், உப்பு, மிளகாத்தூள் பிசறி பொரிச்சு, ரசத்துக்குத் தொட்டுக்க வைக்கும். அப்ப யாரும் இது யார் சாப்பாடுன்னு கேக்கல. வயிறு நிறைஞ்சுதா, விரதம் கெடாம இருந்துச்சா, அதுதான் கேள்வி. இன்னைக்கு காடி, காண்டோ எல்லாம் வந்த பிறகு நமக்கு திடீர்னு ஞானம் வந்துடுச்சு.

அப்படியே சுத்தம் பார்க்கணும்னா முழுசா பாருங்க. பச்சை மிளகாய், காஞ்ச மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, இது எல்லாமே அமெரிக்கா கண்டத்து சாமான். வெள்ளைக்காரன் கப்பல் அங்க போய் வந்த பிறகுதான், சுமார் 500 வருசத்துக்குள்ள, நம்ம பக்கம் வந்துச்சு. அதனாலதான் பழைய வழக்கம் பார்க்கிற வீடுகள்ல திவசச் சமையலுக்கு மிளகாய் சேர்க்க மாட்டாங்க, மிளகுதான். ஒரிசாவுல பூரி ஜெகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில உருளைக்கிழங்கும் தக்காளியும் இன்னைக்கும் ஏறாதுன்னு சொல்றாங்க. அந்தக் கட்டுப்பாட்டுக்கு நான் தலை வணங்குறேன். ஆனா நம்ம வெள்ளிக்கிழமை இலையில உருளைக்கிழங்கு பெரட்டல் இல்லாம ஒரு வாரம் போயிருக்கா?

அப்புறம் ஜவ்வரிசி பாயசம். ஆடி மாசம் எத்தனை அண்டா ஊத்தினோம்? ஜாவா அரிசிங்கறதுதான் ஜவ்வரிசின்னு ஆச்சுன்னு எங்க தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்தாரு. அவரே மணிமேகலைக் கதையும் சொன்னாரு. அமுதசுரபியை வச்சு ஊருக்கே சோறு போட்ட ஆபுத்திரன், மறுபிறவியில ராஜாவாப் பிறந்தது சாவக நாட்டுல. சாவகம்னா ஜாவான்னுதான் படிச்சவங்க பல பேர் சொல்றாங்க. நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன், இலக்கியம் ரொம்பத் தெரியாது. ஆனா அன்னதானத்துக்கே பேர் போன ஒரு ஆளை நம்ம புலவர் அங்க கொண்டு போய்ப் பிறக்க வச்சிருக்காரு. நாம அந்த ஊர்ப் பொட்டலத்தை வாசல்ல நிறுத்துறோம்.

இன்னொண்ணு. சைவக் கோழி, சைவ மீன் எல்லாம் யார் வழக்கம்? சீன பௌத்தர்களோடது. ஒன்பது பேரரசர் திருவிழா வந்தா ஒன்பது நாள் மஞ்சக் கொடி கட்டின கடைகள் பினாங்கு முழுக்க இருக்கும். நம்ம புரட்டாசியை ஒட்டித்தான் அதுவும் வரும். அவங்க சிரத்தையா இருக்கிற விரதம் அது, அவங்க மரபு, நான் குறை சொல்ல மாட்டேன். நானே அந்தக் கடையில மீ வாங்கிச் சாப்பிட்டிருக்கேன். கேள்வி என்னன்னா, சீனர்கிட்ட இருந்து வந்த பாக்கெட் கோயில் மேசைக்கு வரலாம், ஜாவாக்காரங்ககிட்ட இருந்து வந்த சோயாக் கட்டி வரக்கூடாது, இது எந்த ஆகமத்துல இருக்கு? எந்த ஆகமத்துலயும் இல்ல. நம்ம மனசுல இருக்கு. அது பக்தி இல்ல, வேற ஒரு அழுக்கு.

அடுத்தது "ஊசிப்போன சாமான்". சோயாவை ஊற வச்சு, தோல் நீக்கி, வேக வச்சு, ஆற விட்டு, அதுல உறை மாதிரி ஒரு பூஞ்சை வித்து கலந்து, இலையில மடிச்சு ஒண்ணு ரெண்டு நாள் வச்சா வெள்ளையா நூல் ஓடி கட்டி ஆகும். அதுதான் தெம்பே. கெட்டுப் போறது வேற, புளிக்க வைக்கிறது வேற. ராத்திரி அரைச்சு வச்ச மாவு காலையில பொங்கி நிக்குதே, அது என்ன? தயிர் என்ன? பழைய சோத்துத் தண்ணியை மருந்துன்னு இப்ப யூடியூப்ல விக்கிறாங்களே, அது என்ன?

பூஞ்சைன்னா காளான் இனம், காளானை விலக்கணும்னு ஒரு பழைய நியமம் உண்டுன்னு ஒரு ஐயா எனக்குத் தனியா மெசேஜ் போட்டாரு. நியாயமான பேச்சு. அப்படிக் கடைப்பிடிக்கிறவங்க தெம்பேவைத் தொட வேணாம், நான் கட்டாயப்படுத்தல. ஆனா ஐயா, கடையில விக்கிற சைவ மட்டன் பலதையும் காளான் தண்டுலதான் செய்யறாங்க. பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. படிக்கும்போது முட்டை வெள்ளைக்கரு போட்டிருக்கான்னும் பாருங்க, சிலதுல இருக்கு. எழுத்து பொடிசு, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க.

நான் நைவேத்தியத்துக்குத் தெம்பே வைக்கச் சொல்லல. அம்பாளுக்கு என்ன படைக்கணுமோ அது குருக்கள் பார்த்துக்குவாரு. நான் பேசுறது அன்னதான மேசையைப் பத்தி, நம்ம வீட்டு அடுப்பைப் பத்தி.

வீட்டு அடுப்புன்னு சொன்னேன்ல, இதுலதான் விசயமே இருக்கு. நம்ம பொம்பளைங்க பாதிப் பேர் பிறை, புக்கிட் மிஞ்ஞாக் பேக்டரிகள்ல வேலை செய்யறவங்க. வெளியாகி, ஜுரு டோல் ஜாமைத் தாண்டி வீட்டுக்கு வர ஏழரை ஆகும். விரத நாள்னா மாமியார் வீட்டுல சாம்பார், கூட்டு, பொரியல், ரசம், அப்பளம்னு எதிர்பார்ப்பு. அதைக் கேட்டு மலைச்சுப் போயி, "எனக்கு விரதமே வேணாம், கோழி வாங்கி டாபாவ் பண்ணிட்டு வந்துடுறேன்"னு சொன்ன பிள்ளைங்களை எனக்குத் தெரியும். இன்னும் சிலர் சைவக் கோழிப் பாக்கெட்டை எண்ணெயில போடுறாங்க. அதுவும் இல்லன்னா வெறும் சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம். வயிறு ரொம்பும், உடம்புக்கு ஒண்ணும் சேராது.

உடம்புன்னதும் சொல்றேன். 2019-ல அரசாங்கம் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்புல, இந்த நாட்டுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்கள்ல மட்டும் எடுத்தா 31.4 சதவீதம். அன்னதான வரிசையில பத்து பேர் நின்னா மூணு பேர். எனக்கு இருக்கு. எங்க அண்ணனுக்கு ரெண்டு கால் விரலை எடுத்தாச்சு. நம்ம தொண்டூழியர்கள்ல டயாலிசிஸ் போறவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு சோத்து மேல உருளைக்கிழங்கு, அதுக்கு மேல கேசரின்னு அள்ளி வைக்கிறோம். தெம்பே 100 கிராம்ல ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கு. மாவுச்சத்து பத்து கிராமுக்கும் கீழ. அதே 100 கிராம் சோத்துல மாவுச்சத்து 28 கிராம் பக்கம் வரும், புரதம் மூணு கிராம்கூட இல்ல. தெம்பே இனிப்பு நீருக்கு மருந்துன்னு நான் சொல்ல வரல, அப்படி யாராவது ஃபார்வர்ட் அனுப்பினா நம்பாதீங்க. சோத்தைக் குறைச்சாலும் பசிக்காம இருக்க ஒரு சாமான் வேணும், அது இது. தைராய்டு மாத்திரை போடறவங்க மட்டும் மாத்திரையும் சோயாவும் ஒரே நேரத்துல சேர வேணாம், டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. கிட்னி நோயாளிங்களும் அளவு கேட்டுக்கணும்.

இப்ப அந்தத் தங்கச்சி செஞ்ச மாதிரி எப்படிச் செய்யறதுன்னு எழுதுறேன். என் சம்சாரம் சொல்லச் சொல்ல, நானே மூணு நாள் நின்னு செஞ்சு பார்த்தது. ஆம்பளைங்களும் படிங்க. அடுப்பு உங்களைக் கடிக்காது.

வாங்கும்போதே பாருங்க. கட்டி வெள்ளையா, கெட்டியா, அழுத்தினா உதிராம இருக்கணும். ஓரத்துல லேசா கருப்பு இருந்தா பயப்பட வேணாம், அது அதுவாவே வர்றது. பிசுபிசுப்பு, பச்சை சிவப்புத் திட்டு, மூக்கைக் குத்துற அமோனியா வாடை, இதெல்லாம் இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. பசார் மாலாம்ல வாழையிலைப் பொட்டலம் கிடைச்சா அதை வாங்குங்க, பிளாஸ்டிக்ல வர்றதைவிட வாசம் நல்லாருக்கும். உடனே செய்யலன்னா பிரிட்ஜ்ல வைங்க, வெளிய வச்சா அது பாட்டுக்கு முத்திக்கிட்டே போகும்.

நாலு பேருக்கு 300 கிராம் போதும். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல் வேலை அரிசியைக் கழுவி ரைஸ் குக்கர்ல போட்டுடுங்க. சோறு வேகறதுக்குள்ள இது முடிஞ்சுடும். தெம்பேவை விரல் நீளத்துக்கு, மெல்லிசா வெட்டுங்க. தடிமனா வெட்டினா உள்ள கசப்பு நிக்கும், பிள்ளைங்க ஒதுக்கிடும். தெம்பே பிடிக்கலன்னு சொல்றவங்க பாதிப் பேர் தடிமனா வெட்டினதைச் சாப்பிட்டவங்கதான். உப்பு, மஞ்சத்தூள் கரைச்ச தண்ணியில ரெண்டு நிமிசம் போட்டு எடுத்து, துணியில நல்லா ஒத்தி எடுங்க. ஈரத்தோட எண்ணெயில போட்டா வெடிக்கும், என் கையில இன்னும் தழும்பு இருக்கு.

குவாலியில நாலு மேசைக்கரண்டி எண்ணெய். நடுத்தர நெருப்பு. தெம்பேவைப் பரப்பிப் போட்டு, கிண்டிக்கிட்டே இருக்காம, ஒரு பக்கம் பொன்னிறம் ஆகிற வரைக்கும் விட்டுத் திருப்புங்க. அஞ்சாறு நிமிசம். எடுத்துத் தனியா வைங்க. மீதி எண்ணெய் ஒரு கரண்டி போல இருக்கும். அதுல கடுகு, காஞ்ச மிளகாய் மூணு, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, பொடியா நறுக்கின இஞ்சி, துளி பெருங்காயம். அடுத்து ஒரு அங்குலத்துக்கு வெட்டின பயத்தங்காய் ஒரு கட்டு. இப்ப நெருப்பை ஏத்துங்க. தண்ணி ஊத்தாதீங்க, தண்ணி ஊத்தினா அது பிரட்டல் இல்ல, அவியல். மூணு நிமிசத்துல காய் பச்சை மாறாம பாதி வெந்திருக்கும். தெம்பேவைத் திருப்பிப் போட்டு, அரைக் கரண்டி மிளகுத்தூள், கொஞ்சம் சீரகத்தூள், உப்புக் கிச்சாப் ஒரு கரண்டி விட்டு ரெண்டு பிரட்டு. கிச்சாப் மானிஸ் வேணாம், அது சீனிப் பாகு. கிச்சாப்லயே உப்பு இருக்கு, அதனால தனியா உப்பு பார்த்துப் போடுங்க. நெருப்பை அணைச்சுட்டு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிங்க. அவ்வளவுதான். கடிகாரம் பார்த்தேன், வெட்டுறதுல இருந்து இறக்குற வரைக்கும் 18 நிமிசம். எனக்கே 18ன்னா உங்களுக்கு 15.

பயத்தங்காய் இல்லன்னா முட்டைக்கோஸ், காரட், சாவி கீரை, தௌகே எது இருக்கோ அது. விரதம் இல்லாத நாள்ல வெங்காயம் பூண்டு தாராளமா போடுங்க. தொட்டுக்க தயிர் இருந்தா ரசம்கூட வேணாம்.

ஒரு எச்சரிக்கை. கடையில விக்கிற தெம்பே சம்பலை விரதத்துக்கு வாங்காதீங்க. பெரும்பாலும் பெலாச்சானோ நெத்திலியோ சேர்த்திருப்பாங்க. பாட்டில்ல வர்ற சம்பலும் அப்படித்தான். சிப்பி சோஸ் வேறயாச்சு, பேர்லயே சிப்பி இருக்கு. கடைக்காரங்க மேல தப்பு இல்ல, அவங்க நமக்காக விரதம் இருக்கல. அதனாலதான் வீட்டுல செய்யச் சொல்றேன்.

இப்ப மறுபடியும் சைவக் கோழி. அசைவத்தை விடணும்னு முயற்சி பண்றவங்களுக்கு அது ஒரு படி மாதிரி உதவும்னா உதவட்டும். என் பெரிய மகன் அப்படித்தான் குறைச்சான். ஆனா இருபது வருசமா அதே படியில உக்காந்துக்கிட்டு "கோழி மாதிரியே இருக்கு, மட்டன் மாதிரியே நார் நாரா வருது"ன்னு நாக்கைச் சப்புக்கொட்டுறது என்ன விரதம்? வாயில சோயா, மனசுல கோழி. பிள்ளைங்களுக்கும் நாம என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? கோழிதான் ருசி, இன்னைக்கு மட்டும் பொய்க் கோழி சாப்பிட்டுச் சமாளிச்சுக்கன்னு. தெம்பே எதையும் மாதிரி நடிக்கல. அது தெம்பே.

காசுக் கணக்கும் சொல்லிடுறேன், ஏன்னா போன மாசம் பில் கட்டினவன் நான். 150 பேருக்கு சைவக் கோழி 12 பாக்கெட், ஒண்ணு 16 வெள்ளி, மொத்தம் 192 வெள்ளி. அதே 150 பேருக்கு ஆளுக்கு 60 கிராம் தெம்பேன்னா ஒன்பது கிலோ, 250 கிராம் பொட்டலம் 36. எனக்குக் கிடைச்ச விலை ஒரு பொட்டலம் 2 வெள்ளி 50 காசு. 90 வெள்ளி. மீதி 102 வெள்ளிக்கு மோரும் காயும் வாங்கலாம். உண்டியல்ல விழுற காசு எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும். ஓவர்டைம் செஞ்சு வர்றவங்க மடிச்சுப் போடுற அஞ்சு வெள்ளி அது.

கமிட்டிக்கு நான் எழுதியே கொடுத்துட்டேன், அன்னதானத்துல மாசம் ரெண்டு வெள்ளிக்கிழமையாவது பாக்கெட்டை விட்டுட்டு தெம்பே போடணும்னு. மறுக்கிறவங்க காரணத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். "மலாய்க்காரன் சாப்பாடு"ன்னு எழுத முடியாது, அதை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம்னு சொல்லியிருக்கேன். பெரியவர் மேல எனக்கு மரியாதை குறையல. கோயிலுக்கு அவர் செஞ்சதுல கால்வாசிகூட நான் செய்யல. ஆனா அந்தப் பிள்ளைகிட்ட அவர் ஒரு வார்த்தை பேசணும். நான் நேத்தே அது வீட்டுக்குப் போய், என் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு, அன்னைக்கு வாய் மூடி நின்னதுக்கு மன்னிப்பு கேட்டுட்டேன். "பரவால்ல அங்கிள்"னு சொல்லிச்சு. பரவால்லன்னு சொல்ற முகம் இல்ல அது.

வர்ற வெள்ளிக்கிழமை செலவு என்னோடது. 36 பொட்டலத்துக்கு ஆர்டர் கொடுத்தாச்சு, வியாழக்கிழமை ராத்திரி வந்துடும். அந்தத் தங்கச்சி ஷிப்ட் முடிஞ்சு வந்து அடுப்புல நிக்கிறதா ஒத்துக்கிச்சு, ஆனா ஒன்பது கிலோ வெட்ட ஒரு ஆள் பத்தாது. சாயங்காலம் ஆறு மணிக்கு கத்தியும் பலகையும் எடுத்துக்கிட்டு வரக்கூடிய ஆறு பேர் வேணும், ஆம்பளைங்களா இருந்தா இன்னும் நல்லது. பயத்தங்காய் யார் வீட்டுத் தோட்டத்துல இருக்கோ கமெண்ட்ல சொல்லுங்க. பெரிய குவாலி ஒண்ணு கைப்பிடி ஆடுது, வெல்டிங் தெரிஞ்சவங்க புதன்கிழமைக்குள்ள வந்து பார்த்துக் கொடுத்தா உதவியா இருக்கும்.